பெயரன் வழித் தேடல்: மூதாதையர் குடும்ப வாழ்வும் ஆவண வாசிப்பும்

முன்னுரை

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள பூன் லே வட்டாரம், அங்கே தோட்ட நிலம் வைத்திருந்த சியூ பூன் லே (1852–1933) என்னும் சீன வணிகரின் பெயரால் வழங்கி வருகிறது. அப்பெயரில் சியூ என்பது குலப்பெயர். பூன் லே என்பது இயற்பெயர். ஊர் ஏற்றுக்கொண்டது இயற்பெயரை மட்டுமே. தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் நாள்தோறும் அப்பெயரைப் படிக்கும் ஒருவர், அம்மனிதர் எக்குலத்தவர் என்பதை அதிலிருந்து அறிய இயலாது. ஆயினும் அவர்தம் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேட முற்பட்டால், சியூ என்னும் குலப்பெயர் அவர்கள் கையில் ஓர் இழையாக இருக்கும்.

இந்த இழை தமிழரிடம் இல்லை. தந்தை பெயரை முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ கொள்ளும் நம் மரபில், ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டாம் பெயர் மாறிவிடுகிறது. பாட்டன் பெயர் பேரனுடைய அடையாள அட்டையில் இடம்பெறுவதில்லை. பூன் லேயை அடுத்துள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில்தான் சிங்கப்பூரின் தமிழாசிரியர்கள் பயிற்சி பெறும் தேசியக் கல்விக் கழகம் உள்ளது. அங்குப் பயின்று வெளிவரும் ஆசிரியர்கள் வகுப்பறையில் குடும்ப வரலாற்றுப் பயிற்சியை நடத்த நேரும்பொழுது, மூன்றாம் தலைமுறைக்கு மேல் கட்டங்கள் வெறுமையாக நிற்பதைக் காண்கின்றனர். இவ்வெறுமை மாணவர் குடும்பத்தின் மறதியால் மட்டும் நேர்ந்ததா, அன்றி நாம் கையாளும் தேடல் முறையே பொருந்தாததா என்னும் வினா இங்கு எழுகிறது.

மூதாதையரின் குடும்ப வாழ்வை ஆவணங்களின்வழி மீட்டெடுக்கும் முறை அமெரிக்காவில் பெரிதும் வளர்ச்சி பெற்றது. அம்முறையின் வலிமையையும் எல்லையையும் காட்டும் மூன்று நூல்களை முதற்கண் நோக்கி, அதன்பின் சிங்கப்பூர்த் தமிழரின் ஆவணங்களை எவ்வாறு வாசிக்கலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டி பானையும் குடும்பமும்

ஜான் டெமோஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1970இல் வெளியிட்ட 'ஒரு சிறு குடியரசு' எனப் பொருள்படும் தலைப்புடைய நூல், பிளிமத் குடியேற்றத்தின் குடும்ப வாழ்வை ஆராய்கிறது. 1620இல் தோன்றி 1691இல் மாசச்சூசெட்சுடன் இணைக்கப்பட்ட அக்குடியேற்றத்தின் எளிய மக்கள் தம் அகவாழ்வைப் பற்றி எழுதிவைத்தது மிகக் குறைவு. ஆகவே டெமோஸ் உயில்கள், இறந்தவரின் உடைமைப் பட்டியல்கள், நீதிமன்றப் பதிவுகள், எஞ்சி நிற்கும் வீடுகள், தட்டுமுட்டுப் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு அவ்வாழ்வை உய்த்துணர்கிறார்.

உடைமைப் பட்டியல் என்பது சொத்தைப் பங்கிடுவதற்காக எழுதப்பட்டது. குடும்ப அன்பைப் பதிவு செய்வது அதன் நோக்கமன்று. ஆயினும் ஒரு வீட்டில் எத்தனை படுக்கைகள் இருந்தன, எத்தனை இருக்கைகள் இருந்தன, சமையல் கலங்கள் எந்த அறையில் வைக்கப்பட்டிருந்தன என்பன அதில் வரிசையாக உள்ளன. சிறிய வீட்டில் பலர் நெருங்கி வாழ்ந்த நிலை அவ்வரிசையிலிருந்து வெளிப்படுகிறது. முற்காலத்தில் எங்கும் கூட்டுக் குடும்பமே நிலவியது என்னும் பொதுக் கருத்தை மறுத்து, பிளிமத்தில் பெற்றோரும் பிள்ளைகளுமாகிய தனிக்குடும்பமே அடிப்படை அலகாக இருந்தது என்று அவர் நிறுவியமை இந்நூலின் குறிப்பிடத்தக்க பங்களிப்பாகும்.

எனினும், நெருக்கடியான வீட்டுக்குள் அடக்கிவைக்கப்பட்ட சினமே அண்டை வீட்டாருடன் வழக்காக வெடித்தது என்று அவர் கூறுமிடத்தில் நாம் சற்றுத் தயங்க வேண்டியுள்ளது. வழக்குகள் ஆவணத்தில் உள்ளன. நெருக்கடியும் ஆவணத்தில் உள்ளது. இரண்டையும் இணைக்கும் பாலம் மட்டும் ஆசிரியரின் ஊகமாகும். அதனை ஊகம் என்று வெளிப்படையாகவே கூறிச் செல்வது டெமோஸின் நேர்மை. பட்டியலில் உள்ள பொருள் வேறு, அதிலிருந்து நாம் கொள்ளும் பொருள் வேறு என்னும் தெளிவே இந்நூல் நமக்குத் தரும் முதற்பாடம் எனலாம்.

ஆவணம் பேசாத இடம்

பிளிமத் குடிகளுக்குச் சொத்து இருந்தது. ஆகவே பட்டியலும் இருந்தது. தாமே பிறர் சொத்தாகக் கருதப்பட்டோரின் நிலை வேறு. அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் எழுதப்பட்டது. ஏனையோர் எண்ணிக்கையாக மட்டுமே நின்றனர். 1850இல்தான் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் பதிவாயிற்று. அதே ஆண்டிலும் 1860இலும் அடிமைகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட தனிப்பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருந்தது. அடிமைகளுக்கு வயது, பால், நிறம் ஆகியவை இருந்தன, பெரும்பாலும் பெயர் இல்லை.

இவ்வெற்றிடத்தை நிரப்ப எழுந்ததே அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட 'வேர்கள்' என்னும் நூல். குண்டா கிண்டே என்னும் தம் முன்னோர் காம்பியாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, 1767இல் அன்னாபொலிஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, டோபி என்னும் பெயர் சூட்டப்பெற்றார் என்று ஹேலி எழுதினார். உலகெங்கும் பல்லாயிரம் குடும்பங்கள் தம் வேர்களைத் தேடத் தூண்டிய நூல் இது. ஆயினும் 1981இல் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் ஆகியோர் வர்ஜீனிய ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்து, டோபி என்னும் பெயருடையவர் 1767ஆம் ஆண்டுக்கு முன்னரே அவ்வூர் ஆவணங்களில் இடம்பெற்றிருப்பதைச் சுட்டிக்காட்டினர். குடும்பத்தின் வாய்மொழி மரபும் கப்பலின் ஆவணமும் பொருந்துவன போலத் தோன்றிய இடத்தில், பொருத்தியது எழுத்தாளரின் விருப்பமே என்பது அவர்தம் வாதம். ஒரு பெருங்கொடுமையின் உண்மை இதனால் குறைந்துவிடாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட மனிதரை ஒரு குறிப்பிட்ட பெயருடன் பிணைக்கும்பொழுது ஆவணம் எவ்வளவு தாங்கும் என்பதை அளந்தறிய வேண்டும் என்பதை இந்நூல் காட்டுகிறது.

தமிழருக்கு நெருக்கமான மற்றொரு சான்று உண்டு. 1635இல் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனிபீ என்பவர் நிலம் கோரியபொழுது, தாம் வரவழைத்த ஆட்களின் பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியர்' என ஒருவரைக் குறிப்பிட்டார். ஓர் ஆளை அழைத்து வந்தால் ஐம்பது ஏக்கர் நிலம் என்பது அக்கால விதி. அந்த ஐம்பது ஏக்கருக்காகவே அப்பெயர் எழுதப்பட்டது. அவர் எவ்வூரினர், தாய் தந்தையர் யாவர், மணம் செய்துகொண்டாரா என்பன நிலப்பதிவு அலுவலகத்துக்குத் தேவையற்றவை. பிருந்தா சாரி 2023இல் எழுதி வெளியிட்ட 'கிழக்கிந்தியன்' எனப் பொருள்படும் ஆங்கிலப் புதினம், இவ்வொற்றை வரியை எடுத்துக்கொண்டு, டோனியைச் சோழமண்டலக் கரையில் பிறந்த தமிழ்ச் சிறுவனாகப் படைக்கிறது.

புதினம் என்று பெயரிட்டு வெளிவந்த நூலில் இக்கற்பனை குற்றமன்று. அஃது இலக்கியத்தின் உரிமை. குற்றம் நிகழக்கூடிய இடம் வாசகர் மனம். 'கிழக்கிந்தியர்' என்னும் சொல் அக்காலத்தில் பரந்த நிலப்பரப்பைச் சுட்டியது; அதிலிருந்து தமிழர் என்னும் முடிவு தானாகக் கிடைப்பதில்லை. 'அமெரிக்கா சென்ற முதல் தமிழர் டோனி' என்று ஒரு பாடக்குறிப்பில் எழுதப்படுமாயின், புதின ஆசிரியர் செய்யாத பிழையை நாம் செய்தவராவோம். பெருமைக்காகச் சேர்க்கப்படும் மூதாதையரும் போலி மூதாதையரே.

பெயர் என்னும் சிக்கல்

மேற்கண்ட நூல்கள் மூன்றிலும் தேடல் முறையின் முதுகெலும்பாக விளங்குவது பெயர், அதிலும் குடும்பப்பெயர். அமெரிக்கக் கொடிவழி ஆய்வாளர் அட்டவணையில் குடும்பப்பெயரைத் தேடுகிறார். அது கிடைத்த இடத்தில் தந்தை, மகன், பேரன் ஆகியோர் ஒரே தொகுதியில் நிற்கின்றனர். அவருக்குப் பெருந்தடையாவது பெண்ணின் பெயர். மணமானதும் அவள் கணவன் குடும்பப்பெயரை ஏற்பதால், பிறந்த வீட்டின் தடம் மறைகிறது.

தமிழர் ஆவணத்தில் நிலைமை தலைகீழானது. சிங்கப்பூர் ஆவணங்களில் ஆணுக்கு 'இன்னாரின் மகன்' என்றும், பெண்ணுக்கு 'இன்னாரின் மகள்' என்றும் எழுதும் முறை நெடுங்காலமாக உள்ளது. வேலன் மகன் முத்து; முத்து மகன் இராமன்; இராமன் மகன் கண்ணன். இம்மூவரின் பதிவுகளை அகரவரிசையில் அடுக்கினால் மூவரும் மூன்று மூலைகளில் நிற்பர். ஒரே குடும்பம் என்பதற்கான புறச்சான்று ஏதும் இராது. மாறாக, பெண் மணமான பின்னும் தன் தந்தையின் மகளாகவே பதிவுகளில் தொடர்கிறாள். அமெரிக்க ஆய்வாளர் இழந்த பிறந்தவீட்டுத் தடத்தை நம் ஆவணம் பாதுகாத்து வைத்துள்ளது. ஆகவே நம் தேடலைத் தந்தைவழியில் மட்டும் நடத்தாது, பாட்டிமாரின் பதிவுகளிலிருந்தும் தொடங்குதல் பயன்தரும் எனக் கருதுகிறோம்.

பெயரை எழுதிய கையும் கருதத்தக்கது. சொன்னவர் தமிழில் சொன்னார். எழுதியவர் தம் காதுக்குப் பட்டவாறு ரோமன் எழுத்தில் எழுதினார். முருகையன் என்னும் ஒரு பெயரே வெவ்வேறு எழுத்தர் கையில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலைப் பெறக்கூடும். ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். குறில் நெடில் வேறுபாடு மறையும். ஆகவே எண்ணிமச் சேகரிப்பில் ஒரு வடிவத்தைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் அம்மனிதர் பதிவாகவில்லை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது.

சாதிப் பட்டங்கள் குடும்பப்பெயராகத் திரிந்த வரலாறும் உண்டு. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்தம் கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஊர், வட்டம், மாவட்டம், உயரம், உடற்குறி ஆகியன உள்ளன. தென்னாப்பிரிக்காவில் பிள்ளை, நாயுடு, முதலி, கவுண்டர் முதலிய பட்டங்கள் நாளடைவில் நிலையான குடும்பப்பெயர்களாயின. அங்குள்ள ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனின் ஊரைப் பட்டியலில் காண இயலும்.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தோரில் பலர் அவ்வாறு எண் பெற்று வந்தவரல்லர். ஒப்பந்த முறை மலாயாவில் 1910இல் முடிவுற்றது. கங்காணி தம் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டி வந்த முறை 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுக்கு வந்தது. சிங்கப்பூருக்குத் தாமே பயணச்சீட்டு வாங்கி வந்தோரும் மிகுதி. உறவினரோடு வந்தவர்க்கு ஊரும் உறவும் நினைவிலேயே இருந்தன. அவற்றை ஏட்டில் எழுதிவைக்கும் தேவை எவருக்கும் தோன்றவில்லை. நினைவு பேசிய தலைமுறை மறைந்தபொழுது ஏடும் இல்லாமற் போயிற்று.

ஒருவரைப் பற்றி மிகுதியாக எழுதப்பட வேண்டுமெனில் அவர் குற்றவாளியாக இருந்திருக்க வேண்டும் என்பதும் இவ்வாவணங்களின் முரண்களுள் ஒன்று. 1825இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்தவரும் அவருள் இருந்தனர். சிங்கப்பூரின் தொடக்ககாலச் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்தம் உழைப்பு உள்ளது. கைதியின் உடற்குறி வரை அரசு எழுதியது. அதே காலத்தில் கடை வைத்து நேர்மையாக வாழ்ந்தவரின் உயரத்தையோ ஊரையோ எவரும் எழுதவில்லை.

மணமும் பதிவும்

குடும்ப வாழ்வைத் தேடுவோர்க்கு மணப்பதிவு இன்றியமையாதது. சிங்கப்பூர்த் தமிழரிடையே இதில் சமயவழி வேறுபாடு தெளிவாகக் காணப்படுகிறது. கத்தோலிக்கத் தமிழர்க்கென ஓஃபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் போன்ற திருச்சபைகளின் மரபில் திருமுழுக்கும் திருமணமும் பதிவேட்டில் எழுதப்படுவன. முஸ்லிம்களின் மணப்பதிவுக்கு 1880ஆம் ஆண்டின் முகம்மதியர் திருமணச் சட்டம் வழிவகுத்தது. இந்துத் தமிழரோ உற்றார் உறவினர் முன்னிலையில் தாலி கட்டி மணந்தனர். ஊரறிந்ததே பதிவாகக் கருதப்பட்டது. 1961 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த மாதர் சாசனமே முஸ்லிம் அல்லாதார் மணங்களைப் பதிவு செய்தலைக் கட்டாயமாக்கியது.

ஆகவே 1961க்கு முற்பட்ட ஓர் இந்துத் தமிழ்ப் பெண்ணின் மணம் பதிவேட்டில் இல்லை என்பதால் அவள் மணம் ஐயத்துக்குரியது எனக் கொள்ளுதல் தவறாகும். அவளைத் தேட வேண்டிய இடம் வேறு. நீரிணைக் குடியேற்றங்களில் 1872 முதல் பிறப்பும் இறப்பும் பதிவாகி வருகின்றன. மனைவியாகக் காணப்படாதவள், பிள்ளையின் பிறப்புப் பதிவில் தாயாகக் காணப்படுவாள்.

இன்னொரு நிலையும் உண்டு. சிங்கப்பூர் வந்த தமிழ் ஆடவருள் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர். இங்குள்ள பதிவில் அவர் தனியாள். அவர் குடும்பம் தஞ்சையிலோ இராமநாதபுரத்திலோ இருந்தது. பணவிடையும் கடிதமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்த கப்பல் பயணமுமே அக்குடும்ப வாழ்வின் வடிவம். ஒரு கூரையின்கீழ் இருந்த படுக்கைகளை எண்ணிக் குடும்பத்தை அறிந்த டெமோஸின் முறை இங்குப் பயன்படாது. கடலின் இருகரைகளிலும் உள்ள சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி இக்குடும்பம் புலப்படாது. இங்குள்ள பதிவை மட்டும் வாசிப்பவர் ஒரு கணவனைத் தனியாள் எனப் பிழைபட உணர்வார். அங்குள்ள பெண் காத்திருந்த ஆண்டுகள் எக்கணக்கிலும் சேராது போகும்.

கல்லறைகளும் நமக்கு நெடுங்காலத் துணையல்ல. பிடாடாரி இடுகாடு 1972இல் மூடப்பட்டு, 2001க்கும் 2006க்கும் இடையில் அங்கிருந்த கல்லறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. சுவா சூ காங் இடுகாட்டில் ஒரு கல்லறைக்கான காலம் 15 ஆண்டுகள் என்னும் வரையறை 1998இல் கொண்டுவரப்பட்டது. நிலம் குறைந்த நாட்டில் கல்லில் எழுதிய பெயரும் தவணைக்கு உட்பட்டதே.

இரு சிலைகள்

2019இல் சிங்கப்பூரின் இருநூற்றாண்டு நிறைவையொட்டி ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே வேறு சிலைகளும் வைக்கப்பட்டன. அவற்றுள் நாராயண பிள்ளையின் சிலையும் முன்ஷி அப்துல்லாவின் சிலையும் நம் பொருளுக்கு நேரடியாக உதவுவன.

நாராயண பிள்ளை 1819இல் ராஃபிள்ஸுடன் 'இந்தியானா' என்னும் கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். செங்கற்சூளை அமைத்தார், பினாங்கிலிருந்து கொத்தர், தச்சர், துணி வணிகர் ஆகியோரை வரவழைத்தார், துணிக்கடை வைத்தார், 1822இல் தீயில் அதனை இழந்து கடன்பட்டார், மீண்டும் எழுந்தார். 1823இல் தெற்குப் பாலச் சாலையில் கோயிலுக்கு நிலம் பெற்றார். 1827இல் அங்கே மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் மாரியம்மன் கோயில் எழுந்தது. நமக்கு வழங்கிவரும் அவர் வரலாறு இவ்வளவே. சூளை, கடை, கடன், நிலம், கோயில் என யாவும் நிருவாகத்தோடு அவர் கொண்ட தொடர்பிலிருந்து பிறந்த செய்திகள். வீடு இவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. 'முன்னோடி' என்று நாம் போற்றும் ஒருவரை எவருடைய மகனாகவோ கணவனாகவோ தந்தையாகவோ நாம் அறிந்து போற்றவில்லை. அவர் பெயரோடு நிற்கும் 'பிள்ளை' என்பதும் சாதிப்பட்டமே. வழித்தோன்றலைத் தேட அஃது உதவாது.

முன்ஷி அப்துல்லாவின் நிலை வேறு. 1849இல் அச்சேறிய 'ஹிகாயத் அப்துல்லா' என்னும் மலாய்த் தன்வரலாற்றில் அவர் தம் குடும்பத்தைத் தாமே எழுதிவைத்தார். ஏமன் நாட்டு அராபியரான கொள்ளுப்பாட்டன் நாகூர் வந்து மணம் செய்துகொண்டதும், அவர் மக்களுள் ஒருவர் மலாக்காவுக்கு வந்ததும் அதில் உள்ளன. தாம் மலாக்காவில் தமிழ் கற்றதையும், கணக்குக்கும் வணிகத்துக்கும் அம்மொழி அங்குப் பயன்பட்டதையும் அவர் கூறுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் பாட்டியைப் பற்றி எழுதுகிறார். கம்போங் பாலியில் ஆண் பெண் பிள்ளைகள் பெருந்திரளாக அவரிடம் குர்ஆன் ஓதக் கற்றனர் என்றும், ஷேக் மீரா லெப்பையின் மகளான அவர் பெயர் 'பெரி ஆச்சி' என்றும் குறிக்கிறார்.

இவ்விடத்தில் ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறோம். பிறமொழி வாசகர்க்கு 'பெரி ஆச்சி' என்பது ஒரு பெண்ணின் இயற்பெயர். தமிழ்ச் செவிக்கோ அஃது 'பெரியாச்சி' என்று ஒலிக்கிறது. குடும்பத்தில் மூத்த பெண்மணியைப் பிள்ளைகள் அழைக்கும் முறைப்பெயராகவும் அது இருக்கலாம். அவ்வாறாயின் மலாய் ஏட்டில் நிலைத்திருப்பது அவருடைய பெயரன்று. அவரைச் சுற்றியிருந்தோர் அழைத்த குரலே ஆகும். இஃது எம் ஊகமே. ஆயினும் ஒரு சொல்லைப் பெயராகக் கொள்வதா, உறவுமுறையாகக் கொள்வதா என்பதை ஆராயத் தமிழறிவு தேவைப்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆவண ஆய்வில் தமிழாசிரியர்க்கு உரிய இடம் இதுவே. வரலாற்றாசிரியர் கடந்து செல்லும் ஒரு சொல்லில் ஒரு வீட்டின் பேச்சு இருக்கக்கூடும்.

பெயரனும் பெயர்த்தியும்

குலப்பெயர் என்னும் இழை நம்மிடம் இல்லை என்று தொடக்கத்தில் கூறினோம். அதற்கு ஈடான ஒன்று நம் மொழியிலேயே உள்ளது. பேரன் என்பது பெயரன் என்னும் சொல்லின் மருவிய வடிவம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பேத்தி என்பது பெயர்த்தி. பாட்டியின் பெயரைத் தாங்குபவள். தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்காத பெயர் ஒரு தலைமுறையைத் தாண்டி இறங்குகிறது. வேலன் மகன் முத்து, முத்து மகன் வேலன், வேலன் மகன் முத்து என அது மாறி மாறி வரும். ஆகவே நம் ஆவணங்களில் ஒரே பெயரைத் தொடர்ச்சியாகத் தேடுவதைவிட, ஒன்றுவிட்ட தலைமுறையில் மீண்டும் வரும் பெயரையும், தந்தையும் மகனும் இடம்மாறி நிற்கும் பெயரிணைகளையும் தேடுதல் பொருத்தமாகும். அமெரிக்க முறை அறியாத சிறப்பு ஒன்றும் இதில் உண்டு: பெயர்த்தி வழியாகப் பெண்ணின் பெயரும் தலைமுறை கடக்கிறது.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. பாட்டனும் பேரனும் ஒரே பெயரினராதலால் இருவர் பதிவையும் ஒருவர் பதிவாக மயங்க நேரும். வயதையும் ஊரையும் கொண்டே பிரித்தறிய வேண்டும். மாமனார் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள், அப்பெயர் சூட்டிய தன் பிள்ளையை வேறு பெயரால் அழைப்பாள். ஆகவே வீட்டுப் பெயரும் பதிவுப் பெயரும் வேறுபடும். கணவன் பெயரை வாயால் சொல்லாத பாட்டியிடம் பாட்டன் பெயரைக் கேட்கும் மாணவனுக்கு விடை கிடைக்காது; அவள் தங்கையிடம் கேட்டால் கிடைக்கும். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இம்மரபே தளர்ந்தது. பெரியாரின் 1929–30, 1954ஆம் ஆண்டு மலாயா வருகைகளும், 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் பரப்பிய கருத்துகளின் விளைவாகச் சாதிப்பட்டங்கள் உதிர்ந்தன. தூய தமிழ்ப் பெயர்கள் புகுந்தன. ஒரு குடும்பத்தில் பாட்டன் பெயர் எந்தத் தலைமுறையில் நின்றது என்பதே அவ்வீட்டின் சிந்தனை மாற்றத்தைக் காட்டும் சான்றாகலாம். முறிவும் ஒரு பதிவே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஆவணம் தன்னை எழுதிய அலுவலகத்தின் தேவையையே முதலில் கூறும். குடும்பத்தை அதிலிருந்து வாசகரே தேடி எடுக்க வேண்டும். அவ்வாறு எடுக்கும்பொழுது சான்று எது, ஊகம் எது, கற்பனை எது என்பதைப் பிரித்துக் கூறுதல் கடமையாகும். குடும்பப்பெயரை மையமாகக் கொண்ட படிவங்களை அப்படியே தமிழ் வகுப்பறைக்குக் கொண்டுவருதல், இல்லாத குறையை மாணவர் குடும்பத்தின்மேல் ஏற்றுவதாகும்.

தமிழாசிரியர்கள் குடும்ப வரலாற்றுப் பயிற்சியில் பெயர்க் கட்டங்களோடு ஊர், வீட்டுப் பெயர், அழைப்பு முறை, யார் பெயரை யாருக்கு இட்டனர் என்னும் வினா ஆகியவற்றையும் சேர்ப்பாராயின் வெறுமை பெரிதும் குறையும். 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று நேர்காணல்களும் எண்ணிமமாக்கப்பட்ட பழைய நாளிதழ்களும் இன்று மாணவர்க்கு எட்டும் நிலையில் உள்ளன. எட்டாத நிலைக்குச் சென்றுகொண்டிருப்பது வீட்டிலுள்ள முதியோரின் நினைவு மட்டுமே. ஆவணக் காப்பகம் நாளையும் திறந்திருக்கும். பாட்டி நாளையும் இருப்பாள் என்பதற்கு உறுதியில்லை.

சியூ பூன் லே தம் இயற்பெயரை ஓர் ஊருக்கு விட்டுச் சென்றார். நம் முன்னோர் தம் பெயரைப் பெயரரிடமும் பெயர்த்தியரிடமும் விட்டுச் சென்றனர். அப்பெயர்கள் இன்னும் வகுப்பறை வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் அழைக்கப்படுகின்றன. அவை யாருடைய பெயர்கள் என்று கேட்பதே நாம் செய்ய வேண்டிய முதற்பணியாகும்.